பொன்னுக்குவீங்கி

ஆஸ்பத்திரி ஜன்னலோர வேப்பமரத்தில் குடியிருந்த கிளிக்கு, டாக்டர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எல்லா நோயும் அத்துப்படி. வைத்தியம் பார்க்கத்தான் ஆள் அகப்படவில்லை.

ஒருநாள் ஒரு குரங்கு வாயை இறுக மூடிக்கொண்டு அந்த மரத்தில் தாவி ஏறியது. இரண்டு கன்னமும் பந்து மாதிரி உப்பியிருந்தன. பின்னாலேயே அதன் கூட்டம் துரத்திக்கொண்டு வந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தியது கிளி. "இது பொன்னுக்குவீங்கி. உங்களுக்கும் ஒட்டிக்கும்."

கூட்டம் பயந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

"வலிக்குதா?"

குரங்கு வேகமாகத் தலையாட்டியது.

"வாயைத் திறக்க முடியலையா?"

அதற்கும் தலையாட்டியது.

கிளிக்குப் பெருமை தாங்கவில்லை. வேப்பிலையைத் தானே மென்று கன்னத்தில் பற்றுப் போட்டுவிட்டது. "உச்சிக் கிளையில தனியா இரு. எதையும் மெதுவா மென்னு சாப்பிடு" என்றது. இவ்வளவு சொன்னபடி கேட்கிற நோயாளி டாக்டருக்குக்கூட வாய்த்ததில்லை.

மாலைக்குள் வீக்கம் வற்றிவிட்டது. மரத்தடி முழுக்க நிலக்கடலைத் தோல் கிடந்தது. "நோய் உரிந்து விழுந்திருக்கு" என்று கிளி பூரித்துப் போனது. அடுத்த மரத்திலிருந்து கூட்டமும் அந்தத் தோலை உற்றுப் பார்த்தது.

மறுநாள் காலையில் மொத்தக் கூட்டமும் கன்னம் உப்ப வந்து, ஆளுக்கொரு கிளையைக் கைகாட்டி நின்றது.

"ஒட்டிக்கும்னு நேத்தே சொன்னேனா இல்லையா?" என்றபடி, கிளி சந்தோஷமாக வேப்பிலை பறிக்கப் போனது.