ரெண்டர் போட்டாச்சு

கடைக்காரர் மூன்றாவது கார்டையும் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் பொள்ளாச்சிக் கல்யாணம் ஒன்று ஓடியது. அவளும் கணவன் பூபதியும் வீட்டிலேயே வெட்டி ஒட்டியது. மூன்று கேமரா, ஒரு ட்ரோன். கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்கள் தங்கள் வேலையிலேயே கனமானதை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவர வேண்டும் என்பது இந்தக் காந்திபுரம் கடையின் வழக்கம். எந்தக் கார்டு எத்தனை சீக்கிரம் ரெண்டர் செய்து முழு வீடியோவாகக் கொடுக்கிறது என்று ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

முதல் கார்டு வீடியோ கேம் பிள்ளைகளுக்கானது. உடம்பெல்லாம் வண்ண விளக்கு. தாலி கட்டும் இடத்திலேயே மூச்சு வாங்கியது.

இரண்டாவது பரவாயில்லை. முக்கி முனகி முடித்தது.

மூன்றாவதில் விளக்கு ஒன்றும் இல்லை. கருப்பாக, தடியாக, சிரிக்கவே சிரிக்காத பேங்க் மேனேஜர் போல இருந்தது. எடிட்டிங்குக்கென்றே செய்தது, மெமரியும் இரண்டு மடங்கு என்றார் கடைக்காரர்.

பூபதி ரெண்டரை அழுத்தினான்.

கடைக்காரர் டீ சொன்னார்.

டீ வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

"புள்ள, பாத்தியா! முடிஞ்சே போச்சு!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை மகள் பிறந்த அன்றுதான் அவள் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கும் சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம்தான். பழைய கார்டு படுத்திய பாடு கொஞ்சமா? போன மாதம் ஒரு ஜோடி கல்யாண வீடியோ வாங்க வந்தபோது பெண்ணின் இடுப்பில் குழந்தை இருந்தது. அம்மா அப்பா மாலை மாற்றுவதைப் பார்த்து அது கை தட்டியது. அன்றைக்கே பூபதி புதுக் கார்டு என்று முடிவு கட்டிவிட்டான்.

ஆனால்.

வீட்டில் ரெண்டர் ஓடும்போது மவுஸைத் தொடக் கூடாது. தொட்டால் நின்றுவிடும். எட்டிப் பார்த்தாலே நின்றுவிடும் என்பது பூபதியின் நம்பிக்கை. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டர் போட்டாச்சு" என்பான்.

அவள் செருப்பை மாட்டுவாள்.

தெருமுனை பேக்கரி. ரெண்டு டீ, ஒரு தேங்காய் பன், ஆளுக்குப் பாதி.

அங்கேதான் அவன் மனுஷனாகப் பேசுவான். மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போன், வீடு பற்றி எரிந்தாலும் கேட்காது. மகளுக்குப் பெயர் முடிவானது அந்த பெஞ்சில். நானும் எடிட்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதும், யோசிக்காமல் அவன் தலையாட்டியதும் அங்கேதான்.

"ஏனுங்க்கா, இதையே போட்டரலாமுங்களா?" என்றார் கடைக்காரர்.

பூபதி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் வைத்துவிடுவான். அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது கார்டு மேசைமேல் கிடந்தது. அது ஓடி முடிப்பதற்குள் பேக்கரிக்குப் போய் வந்துவிடலாம். நல்ல கார்டு.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

மூன்றாவதைத்தான் சொன்னாள்.

வீட்டில் கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"விசிறி சுத்துற எடத்துல வெச்சுப்புடாத" என்றான் பூபதி.

ரெண்டரை அழுத்தினான். பழக்க தோஷம், அவள் செருப்பு மாட்டப் போனாள். ஒரு கால்தான் நுழைந்திருந்தது.

முடிந்துவிட்டது.

அவன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஒற்றைச் செருப்போடு சுற்றினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

பிறகு அவன் அடுத்த கல்யாணத்தைத் திறந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அதுவும் முடிந்தது. அதற்கு அடுத்ததைத் திறந்தான்.

அவள் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். பூபதி யாரிடமோ போனில் பெருமை அடிக்க வாசலுக்குப் போனான். நாற்காலி காலியாக இருந்தது.

உட்கார்ந்தாள்.

இருட்டுக் காட்சிகளில் பொரியும் புள்ளிகளை நீக்க வேண்டுமா? ஆம். டிக். ஆடும் காட்சிகளை நிலைநிறுத்த வேண்டுமா? டிக். தரம், இருப்பதிலேயே உச்சம். பந்தியில் போகும் சாம்பார் வாளிக்குக்கூடத் துல்லியம் ஏற்றினாள்.

ரெண்டர்.

பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

பூபதி உள்ளே வந்தான். "ஏம்புள்ள, இந்த இழு இழுக்குது?"

"பெரிய கல்யாணமில்லீங்களா" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவன் குனிந்தான். திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்தான். அந்தக் கட்டங்களில் எது எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து அறை வாசலுக்கு நகர்ந்தாள்.

தொடக் கூடாத மவுஸைத் தொட்டான்.

ரெண்டரை நிறுத்தினான்.

அவள் டிக் போடாமல் விட்டிருந்த கட்டம் ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் ஒரு டிக் போட்டான். மறுபடி அழுத்தினான்.

நிமிர்ந்து, வெளியே வந்து அறையைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஆளுக்கொரு பன்னு சொல்லிக்கலாம் புள்ள. நேரமிருக்குது."