ஐந்தாவது தலை

பள்ளிச் சமையற்கூடங்களில் எண்ணெய்ப் புகையை வெளியே இழுக்கும் விசிறி கேட்டு, மறுநாள் கல்வி அலுவலக வாசலில் ஐந்து பேர் மொட்டையடித்துக்கொள்வதாகச் சங்கம் அறிவித்திருந்தது. நான்கு தலைகள்தான் தேறின. ஐந்தாவதாகச் சமையல்காரி ஒக்-பூன் கை தூக்கியதும் தலைவி ஹே-யோங் தயங்கினாள்.

"அக்கா, அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். சம்பந்தி முன்னால மொட்டையாவா நிப்பீங்க?"

"நிப்பேன்."

"மக சங்கத்தைக் காறித் துப்புவா."

"துப்பட்டும். அதுக்குத்தானே மாசாமாசம் சந்தா கட்டறேன்."

ஹே-யோங் சிரித்துக்கொண்டே பெயரை எழுதினாள். கூட்டம் கலைந்தது. ஒக்-பூன் மட்டும் கிளம்பவில்லை.

"நுரையீரல்ல புற்றுநோயாம். திங்கக்கிழமை மருந்து ஏத்தறாங்க, கல்யாணத்துக்குள்ள முடி தானா கொட்டிடுமாம். மககிட்ட சொல்லல. கல்யாணம் முடியற வரைக்கும் அவ சங்கத்தையே திட்டட்டும்."