மணிக்கட்டில் ஒரு புள்ளி

முத்துலிங்கம் கங்காணி சுகிர்தத்தின் வலக்கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டை வெளிச்சத்தில் பார்த்தார்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"நெஞ்சுல ஆபரேஷன்னு சொல்லிட்டு, நுளம்பு கடிச்ச தழும்பைக் காட்டுறீங்களே."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது.

சுகிர்தம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். கங்காணி விடவில்லை. அந்தச் சின்னப் புள்ளியைப் பெருவிரலால் தடவினார், அழுத்தினார், மறுபடி குனிந்து பார்த்தார். பேரப்பிள்ளை கண்டவள் அவள். தோட்டமே பார்க்க ஒருத்தர் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

போன மாதம் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைத்திருந்தது. டாக்டர் அவள் மணிக்கட்டில் ஊசி ஏற்றி, அந்த வழியாகவே மெல்லிய கம்பியொன்றை இதயம் வரைக்கும் விட்டு, அடைப்பைத் திறந்தார். மறுபடி மூடிக்கொள்ளாதபடி அங்கே ஒரு சின்ன வலைக்குழாயையும் வைத்தார். அவள் விழித்துக்கொண்டே படுத்திருந்தாள். தன் இதயம் துடிப்பதைத் தானே திரையில் பார்த்தாள்.

இதையெல்லாம் அவள் பெரட்டில் முதலிலேயே சொல்லியிருந்தாள். பாரம் தூக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு லேசான வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்த துண்டுச் சீட்டையும் நீட்டியிருந்தாள். கங்காணி அதை வாங்கவேயில்லை.

மேல்லயத்தில் குடியிருக்கும் ஆண்டியப்பனுக்கும் இதய நோய்தான். அவனுக்கு நெஞ்சு நெடுகத் தையல். சட்டையைத் திறந்து காட்டினான், தேயிலை ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

"கிழிச்சுத் தைச்சிருந்தா நம்பலாம்" என்றார் கங்காணி. "கூடைய எடுங்க."

எடுத்தாள்.

மலையேறும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்து நின்றால்தான் நோயாளியா? கொழுந்து கிள்ளக் கிள்ள மணிக்கட்டு விண்விண் என்று வலித்தது. கூட வந்த பெண்கள் மீதும் கோபம். அவள் விழுந்த அன்று முகத்தில் தண்ணீர் தெளித்து அழுதவர்கள்தான் இன்றைக்குச் சிரித்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து, எல்லார் முன்னாலும் கங்காணியின் சட்டையைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதற்கு முன்பே அவர் வந்தார்.

மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். அவர்களோடு உட்காரப் பிடிக்காமல் அவள் மட்டும் தேயிலை நிரையிலேயே நின்றாள். கங்காணி நாலடி வைப்பதும் நிற்பதுமாக ஏற்றத்தில் ஏறி வந்தார். சுகிர்தம் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"கம்பி உள்ளுக்குப் போறப்ப ரொம்ப வலிக்குமா?"

குரல் அவருடையது மாதிரியே இல்லை. ஒரு கை சட்டைக்குள் போய் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்கும் அடைப்பு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. தேதி குடுத்தும் நான் போகல. ஆண்டியப்பனுக்குச் செஞ்ச மாதிரி பொளந்துருவாங்களோன்னு பயம். காலையில ஒங்க கையைப் பாத்தப்புறம்தான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு."

வெளியே தெரிந்தால் கங்காணி வேலை போய்விடும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்.

காலையில் அந்தப் பெருவிரல் எதைத் தேடித் தடவியது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது. அப்படியானால் இந்த மனுஷன் நம்பியிருக்கிறார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பிக்கொண்டேதான் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

வலிக்காது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சுகிர்தம் அதை விழுங்கினாள்.

"நாளைக்குப் பெரட்டுல நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி இதைக் கேளுங்க. அப்பச் சொல்றேன்."