பார்க்க நன்றாக இருக்கிறது

பொன்னாடை தோளில் விழுந்தது. சரிகை கழுத்தில் உரசியது.

கை தட்டினார்கள். பிறகு அரங்கு முழுக்க "ஆ" என்று ஒரு சத்தம். சங்கத்தின் புது இணையதளம் திரையில் திறந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"முன்பக்கத்துலயே உங்க போட்டோதான் அமலி," என்றார் செயலாளர் குணசீலன், அவள் காதோரமாக.

அது பார்வையற்றோருக்கான சங்கம். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குணசீலனுக்கு உண்டு.

பழைய தளத்தை வருடக்கணக்காக அவள் ஒருத்திதான் எழுதி வந்தாள். அடித்ததைக் கணினி வாசித்துச் சொல்லும். அவள் கேட்டுக் கேட்டுத் திருத்துவாள்.

எழுதத் தோதான கருவியைத் தேடியே முதல் கோடை முழுக்கப் போனது. ஓர் எடிட்டர் தளத்தின் குறியீடுகளுக்கெல்லாம் வண்ணம் பூசிக் காட்டியது. வண்ணத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். இன்னொன்று, பாதிச் சொல் அடிப்பதற்குள் இதுவா அதுவா என்று சொற்களின் ஒரு கூட்டத்தையே நீட்டியது. கணினியின் குரல் அத்தனையையும் ஒப்பித்துத் தீர்த்தது.

கடைசியில் நோட்பேட். கணினியோடு கூடவே வருவது. வெறும் எழுத்து. எந்த வரியைக் கேட்டாலும் அந்த வரி.

எழுதிய கோப்பை சர்வருக்கு ஏற்ற வேண்டுமே. மவுஸால் இழுத்துப் போடச் சொன்ன மென்பொருள்களை எல்லாம் தள்ளினாள். ஒன்று மட்டும் விசைப்பலகைக்குக் கட்டுப்பட்டது. கோப்பு போய்ச் சேர்ந்ததும் "ஏறியது" என்று சொல்லும்.

அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் அவள் சாப்பிடப் போனதில்லை.

அவள் எழுதிய பக்கத்தில் அழகு என்று எதுவும் கிடையாது. தேர்வு அறிவிப்பு என்றால் கடைசித் தேதிதான் முதல் வரி. எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் போனைக் காதில் வைத்து அதைக் கேட்டார்கள்.

"நன்கொடை குடுக்கறவங்க திறந்து பார்த்தா முகம் சுளிக்கிறாங்க," என்று ஒரு நாள் சொன்னார் குணசீலன். அடுத்த மாதமே புதுத் தளம் செய்ய ஒரு கம்பெனி வந்தது.

விழாவுக்கு மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதுத் தளத்தைத் திறந்தாள்.

படம்.

படம்.

பொத்தான்.

படம்.

இதில் எந்தப் படம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து செயலாளர் அறைக்குப் போனாள்.

"சார், தளம் பேச மாட்டேங்குது. எல்லாத்தையும் படமாப் போட்டுட்டாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கேக்காது. பாஸ்வேர்டு குடுங்க, நானே கீழ எழுத்தாப் போட்டுடறேன்."

"பாஸ்வேர்டெல்லாம் இப்ப அவங்ககிட்ட இருக்கும்மா. எல்லாம் மவுஸால இழுத்து இழுத்து வைக்கிற மாதிரியாம். உங்களால முடியாது." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "பார்த்தவங்க அத்தனை பேரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்றாங்க."

தான் சொன்னது என்ன என்று அவர் காதிலேயே விழவில்லை.

கம்பெனிக்குச் சொல்லும்படி கேட்டாள். சொல்கிறேன் என்றார். பிறகு எப்போது கேட்டாலும் சொல்லியாயிற்று என்றார்.

அவளுக்கு வரவேற்பில் ஒரு நாற்காலி போட்டார்கள். சம்பளம் அதேதான். இனிமேல் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்றார்கள். கஷ்டம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அறிவிப்புகள் அவள் கைக்கு வருவது நின்றது. அவை நேராகக் கம்பெனிக்குப் போயின.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவளுக்கும் பார்வை இல்லை. வங்கித் தேர்வு எழுதப் போகிறாள். அவள் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். பேர் கொடுத்தவர்களுக்குச் சங்கம்தான் அனுப்பி வைக்கும்.

"பேர் குடுக்கக் கடைசி நாள் எப்பக்கா? நாலு நாளா உங்க பக்கத்துல தேடிட்டே இருக்கேன். படம் படம்னே சொல்லுது."

அமலி போனை உள்ளங்கையால் பொத்தினாள். அலுவலக உதவியாளர் வேலப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தளத்தைத் திறந்து அந்தத் தேர்வு அறிவிப்பைக் கொஞ்சம் படிங்க."

வேலப்பனுக்குத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

"மேலேயே இருக்குதேம்மா. மஞ்சள்ல, இம்மாம் பெருசா. நேத்தோட முடிஞ்சிருச்சு."

"ஒரே ஒரு பேருண்ணே. சார்கிட்ட சொல்லி சேர்த்துடலாம்."

"பேரெல்லாம் காலையிலயே தேர்வு ஆபீசுக்கு அனுப்பியாச்சும்மா. நான்தானே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். இதுக்கு மேல வாங்க மாட்டோம்னு சொல்லித்தான் வாங்கிக்கிட்டாங்க."

போனிலிருந்து கையை எடுத்தாள். காதில் வைத்தாள். சொன்னாள்.

அந்தப் பக்கம் அழுகை இல்லை. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். யாரோ அந்தப் பெண்ணை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும்க்கா," என்றாள் அந்தப் பெண்.

அமலி போனை வைக்கவில்லை. அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது.

பிறகு அவள் கேட்டாள். குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முன்ன இந்தப் பக்கத்தை எழுதினவங்க இப்ப அங்க இல்லையாக்கா?"

அமலி நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள்.