சோப்பு வாசனை

வெல்லப்பாகு குடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பொடிச்சி என்ற எறும்பு, வழியில் ஒரு சோப்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டாள். சில நாள் கழித்துத்தான் தப்பி வந்தாள். புற்று வாசலில் அவளுடைய அக்கா காவல் நின்றாள். வானம் கறுத்திருந்தது. முதல் துளி விழுவதற்குள் வாசலை மண்ணால் அடைத்துவிடுவார்கள்.

அக்கா வழக்கம்போல உணர்கொம்புகளால் அவளைத் தடவிப் பார்த்தாள். சட்டென்று பின்வாங்கினாள்.

"யாருடி நீ? எங்க வீட்டு வாசனையே இல்லையே!"

"நான் பொடிச்சிக்கா. ஒரே அறையிலதானே முட்டையாக் கிடந்தோம்?"

"வேவு பார்க்க வர்றவளும் இதைத்தான் சொல்லுவா. போன மழைக்கு ஒருத்தி 'அக்கா, அக்கா'ன்னு குழைஞ்சுக்கிட்டே வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டா."

பொடிச்சிக்குப் புரிந்துவிட்டது. இனி பேச்சு எடுபடாது. வீட்டுக்கென்று வயிற்றில் ஒதுக்கி வைத்திருந்த பாகை வாய்க்குக் கொண்டுவந்து நீட்டினாள். பெட்டிக்குள் பட்டினி கிடந்தபோதும் அவள் அதைத் தொடவில்லை.

அக்கா தயங்கித் தயங்கி ஒரு சொட்டு ருசி பார்த்தாள்.

"சரி, வா. ஆனா முட்டை அறைப் பக்கம் மட்டும் போயிடாதே."

உள்ளே மற்ற அக்காமார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு நக்கத் தொடங்கினார்கள். "அடியே, என்ன நாத்தம் இது!" என்று ஒருத்தி சிரித்தாள். காலிடுக்கைக்கூட விடவில்லை. அழுக்கு எடுக்கிறார்களா, ஆளைச் சோதிக்கிறார்களா என்று பொடிச்சிக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆடாமல் அசையாமல் நின்றாள்.