ரெண்டு கரண்டி பிரியாணி

"ஏங்க, மாடியில குடியிருக்கிறவங்க நெசமாவே வேதக்காரங்கதானா?"

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி. திருநகர் வீட்டு வாசலில் ஸ்டார் கட்டுவதற்காக ஸ்டூலில் ஏறி நின்ற இன்னாசிமுத்து, திரும்பாமலே கேட்டார். "ஏன், என்னாச்சு?"

"ஸ்டார் கட்டலை, குடில் வைக்கலை. நாளைக்கு லைப்ரரி தொறந்திருக்குமான்னு கேக்குறாரு அந்த மனுசன். கிறிஸ்மஸ் அன்னைக்கு! போதாததுக்கு, ஒரு லிட்டர் பால் வாங்கினவங்க ஒரு மாசமா கால் லிட்டராக் குறைச்சுட்டாங்க. அம்புட்டுக் கஞ்சம்."

அவர் மனைவி ஆனிமேரி, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இருபது வருஷம் நோட்டுத் திருத்தியதில் மனிதர்களையும் சிவப்பு பேனாவோடு பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

மாடியில் இருப்பது எத்தியோப்பியாக் குடும்பம். தெஸ்பாயே மதுரையில் பி.எச்டி. படிக்கிறார். மனைவி அல்மாஸும் மூன்று வயது ஹன்னாவும் ஜூனில்தான் வந்து சேர்ந்தார்கள். 'நாங்க கிறிஸ்டியன்' என்று சொன்ன ஒரே வார்த்தைக்காகத்தான் ஆனிமேரி வீட்டைக் கொடுத்தாள்.

"பொய் சொல்லி வீடு பிடிச்சிருக்காங்க. பொங்கல் முடியவும் காலி பண்ணச் சொல்லிருங்க."

"பாவம் மேரி. சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு, சொந்தம்னு யாருமில்லாத ஊர்ல இருக்காங்க."

"நமக்கு மட்டும் யாரு வாராங்களாம்?"

இன்னாசிமுத்து ஸ்டாரின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். எழுமலையில் இருக்கும் அவர் தங்கை சலேத்மேரி, வருஷா வருஷம் குடும்பத்தோடு வந்துவிடுவாள். இந்த வருஷம் வரமாட்டாள்.

காரணம் ஒரு கோழி. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் ஆனிமேரி கறி, முட்டை தொடமாட்டாள். போன மார்ச்சில் எழுமலைக்குப் போனபோது, சலேத்மேரி அதை மறந்து, மதினி வந்திருக்கிறாளே என்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள்.

"தபசு காலத்துல கறியா? நீயெல்லாம் எதுக்குடி கோயிலுக்குப் போறே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு, இலையைத் தள்ளிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினாள் ஆனிமேரி. அன்றோடு போக்குவரத்து நின்றுபோனது. இன்னாசிமுத்துக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆனிமேரிக்கோ, தபசைக் காப்பாற்றிய பெருமை.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்து ஆனிமேரி மட்டன் பிரியாணி செய்தாள். பழக்க தோஷத்தில் எழுமலைக் குடும்பத்துக்கும் சேர்த்தே அரிசி போட்டிருந்தாள். மலைபோல மிச்சம் இருந்தது.

"என்ன இருந்தாலும் நல்ல நாளு. மேல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்."

மூச்சு வாங்க மாடி ஏறினாள். ஒரு கையில் பிரியாணிச் சட்டி, இன்னொரு கையில் கேக்.

"ஹேப்பி கிறிஸ்மஸ்!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெஸ்பாயே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அல்மாஸ் அவர் கையைத் தொட்டு, அவர்கள் பாஷையில் மெதுவாக என்னமோ சொன்னாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு இருவரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஆனிமேரி விடுவாளா? "இம்புட்டுத்தானா? இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கோங்க" என்று பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். அவர்கள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கேக்கையும் சாப்பிட்டார்கள்.

"அந்த அல்மாஸ் பிள்ளைக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க" என்று கீழே வந்து சொன்னாள். "நல்ல சோத்தைப் பார்த்து எம்புட்டு நாளாச்சோ! சரி, வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வேணாம்."

ஜனவரி ஏழாம் தேதி காலை. மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் வெள்ளை வெளேரென்று புதுத்துணி உடுத்தி இறங்கி வந்தார்கள். அல்மாஸ் கையில் ஒரு பெரிய தட்டு. கேப்பை மாவைப் புளிக்கவைத்து வார்த்த தோசை, அதன்மேல் சிவக்கச் சிவக்கக் கோழிக் குழம்பு, அவித்த முட்டை.

"இன்னைக்குத்தாம்மா எங்களுக்குக் கிறிஸ்மஸ்" என்றார் தெஸ்பாயே, தெரிந்த தமிழோடு இங்கிலீஷையும் கலந்து. "எங்க சபைக்குக் காலண்டர் வேற. நாப்பத்து மூணு நாள் நோன்பு, இன்னைக்குக் காலையிலதான் முடிஞ்சுது."

"நோன்புன்னா?"

"பெரியவங்க கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டோம்."

ஆனிமேரிக்குக் கால் லிட்டர் பால் நினைவுக்கு வந்தது. அடுத்து மட்டன் பிரியாணி. அடுத்து, முட்டை போட்ட கேக்.

"அய்யய்யோ! அப்ப அன்னைக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

தெஸ்பாயே மனைவியைக் கை காட்டினார். "சொல்லத்தான் போனேன். இவ வேண்டாம்னுட்டா."

அல்மாஸ் சொன்னாள், அவர் தமிழாக்கினார்.

"மூச்சு வாங்கச் சட்டியத் தூக்கிட்டு வந்தீங்க. எங்க அம்மாவும் இப்படித்தான், சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க. இந்த ஊர்ல எனக்கு அப்படி நின்னது நீங்க ஒருத்தர்தான். நோன்பு முறிஞ்சா கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். உங்க முகம் வாடிட்டா, அதுக்கு யார்கிட்டம்மா கேக்கறது?"

ஆனிமேரி தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். அல்மாஸைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் கோழிக் குழம்பைத் தோசையோடு தின்றாள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றாள்.

அவர்கள் மாடி ஏறியதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எழுமலைக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

இன்னாசிமுத்து பேப்பரைக் கீழே வைத்தார். "பள்ளிக்கூடம்?"

"லீவு சொல்லிருங்க. நீங்களும் கிளம்புங்க. மத்தியானத்துக்கு நான் ஒண்ணும் ஆக்கலை. சலேத்து இலையில என்ன வச்சாலும் சாப்பிட்டுக்கிறேன்."