மழை வந்தால் லைன் போகும் வீடு

கோகுலனுக்கு மூன்றாவது கம்ப்ளெயின்ட் வந்தது.

அதே வீடு. ஜெலுத்தோங்கில் கிளாடிஸ் டீச்சர் வீடு. அதே கோளாறு. மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடுகிறது.

கோகுலன் குத்தகைக்கு வேலை பார்க்கிற இன்டர்நெட் டெக்னீஷியன். ஒரே வீட்டிலிருந்து மூன்று தடவை புகார் வந்தும் தீரவில்லை என்றால் ஏரியாவை மாற்றிவிடுவார்கள். அடுத்தது பாலிக் புலாவ்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியும்விட்டார். மலையைச் சுற்றிக்கொண்டு போய் டுரியான் தோட்டங்களுக்குள் கம்பம் கம்பமாக ஏற வேண்டும். ஜெலுத்தோங் என்றால் மத்தியானம் வீட்டுக்குப் போய், நாலு மாத மகளை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடலாம். அந்த அரை மணி நேரத்தை விட அவனுக்கு மனமில்லை.

முதல் இரண்டு தடவையும் வெயிலில்தான் போனான். மழையில் கம்பம் ஏறக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வெயிலில் போனால் எல்லா விளக்கும் பச்சையாய்ச் சிரிக்கும். வயரை மாற்றினான், மோடத்தை மாற்றினான், வெளியே இருந்த பெட்டியையும் மாற்றினான். இனி மாற்ற வேண்டுமென்றால் வானத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். இப்போது தினமும் நாலு மணிக்கு மாடிக்குப் போனால் ஒன்பது மணி வரை ஆன்லைன் டியூஷன். லைன் போனால் பெற்றோர்கள் வாட்ஸப்பில் காரணம் கேட்பார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் வேண்டும்.

அதிகம் கோபப்பட்டவர் என்னவோ அவருடைய கணவர் பேட்ரிக்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன். போன தடவை கோகுலனை நிற்க வைத்து, உங்கள் வயரெல்லாம் கடுதாசியில் செய்ததா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

இந்தத் தடவை கோகுலன் வானம் கறுக்கிற நேரம் பார்த்துப் போனான். கீழே ஹாலில், டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்த மோடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“மழை வரட்டும் அங்கிள். லைன் எப்படிப் போகுதுன்னு கண்ணால பார்த்துட்டுத்தான் போவேன்.”

பேட்ரிக் முகம் ஒரு மாதிரி ஆனது. வெளியே கம்பத்தைப் பார்க்கலாமே என்றார். முனைக்கடையில் கோப்பி நன்றாக இருக்கும், குடித்துவிட்டு வா என்றார். கோகுலன் அசையவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாடியில் டீச்சர் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். பேட்ரிக் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார்.

தண்ணீர் குடிக்கப் போன கோகுலன் சமையலறையைப் பார்த்தான். மாவில் தோய்த்த வாழைப்பழத் துண்டுகள். முதல் ஈடு பீசாங் கோரெங் பொரிந்து தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கோப்பை.

திரும்பி வந்தால், பேட்ரிக் அலமாரிக்குப் பின்னால் குனிந்து மோடத்தின் பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோகுலனைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

“காலமெல்லாம் எனக்கு ஷிப்ட், அவளுக்கு ஸ்கூல்,” என்றார் பேட்ரிக், மாடிக்குக் கேட்காமல். “ரிட்டயர் ஆனா சாயங்காலம் ஒண்ணா உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம்னு இருந்தேன் தம்பி. இப்ப மழை பெஞ்சா மட்டும் அரை மணி நேரம் கெடைக்குது.”

வெயில் நாளில் பிளக்கைப் பிடுங்கினால் பழி அவர் மேல் வரும். மழை நாளில் மழையோடு போய்விடும்.

கோகுலனுக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. பாலிக் புலாவைப் பற்றிச் சொன்னான், மகளைப் பற்றியும் சொன்னான். பேட்ரிக் தலையைக் குனிந்துகொண்டார். பிளக்கை அழுத்திச் செருகி, இனி இதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பையில் ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

கோளாறு தீர்ந்தது என்று போனில் பதிந்து, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கோகுலன் வெளியே வந்தான். மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது டீச்சர் குடையோடு கேட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அஞ்சு கணக்கு கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

என்ன கோளாறு என்று கேட்டார். பேட்ரிக்கைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“வெளி ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருக்கு டீச்சர். மாத்திட்டேன். இனிமே எவ்வளவு மழை பெஞ்சாலும் லைன் போகாது.”

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், டீச்சர் முகம் வாடிப்போனது.

“லைன் போன ரெண்டாவது நிமிஷம் நான் கீழ இறங்குறேன். தட்டுல பீசாங் கோரெங் சுடச்சுட இருக்கு. எண்ணெய் காயவே அஞ்சு நிமிஷம் ஆகும். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு தெரியாதா தம்பி?”

கோகுலன் மோட்டார் சைக்கிளை மறுபடியும் ஸ்டாண்டில் போட்டான்.

போன் டேட்டாவில் வகுப்பை நடத்த அவருக்குத் தெரியுமாம். நடத்தத்தான் மனசில்லையாம். விட்ட பாடத்தைச் சனிக்கிழமை காலையில் முடித்துவிடுவாராம். கம்ப்ளெயின்ட் நம்பரால் தன் ஏரியாவே போக இருந்ததைக் கோகுலன் சொன்னபோதுதான் பதறிப்போனார்.

“சத்தியமா எனக்கு அது தெரியாது தம்பி. இனிமே கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டேன்,” என்றவர், வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ சரி பண்ணினதை மட்டும் பழையபடி கெடுத்துக் கொடுத்துட்டுப் போ.”